பள்ளம் விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது: அந்த மண் எங்கே போனது?

கேள்வி இது: ஐப்பசி மழை விட்ட மறுநாள் புதுச்சேரியில் ஒரு தெருவில் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. "சிங்க்ஹோல்" என்கிறார்கள். நம் பகுதியில் பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதால் வீடுகளும் உள்ளே போகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உண்மையா, ஜல்லி கொட்டி மூடினால் போதுமா, கடலூர் பக்கம் வாங்கப்போகும் மனையின் நடுவே உள்ள தாழ்வும் இதே வகைதானா?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருப் பள்ளத்துக்குச் சுண்ணாம்புப் பாறை காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாதாளச் சாக்கடை, தண்ணீர்க் குழாய், மூடப்பட்ட பழைய கிணறு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஜல்லி மட்டும் போதாது. மனையின் தாழ்வு வேறு கதை, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்தால் ஆறு கன மீட்டர் மண். நம் ஊர்க் கணக்கில் இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல், எடையில் ஏறத்தாழ பத்து டன். ஒரே இரவில் இது கரைந்து மறையாது. மேல்பூச்சு உடைந்ததுதான் அன்று நடந்தது. மண் வாரக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் முன்பே கிளம்பிப் போய்விட்டது. ஆகவே பள்ளத்தை ஆராய்வதைவிட, மண் வெளியேறிய வழியைத் தேடுவதுதான் வேலை. அந்த வழி இல்லாவிட்டால் பள்ளமும் இல்லை.

முதலில் பாறை. மழைத்துளி காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிரிகளும் விடும் கரியமில வாயுவிலும் கலந்து மெல்லிய கார்பானிக் அமிலம் ஆகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் இறங்கி அரிக்கிறது. இப்படி ஊறும் நீர் லிட்டருக்குச் சுமார் 0.2 முதல் 0.3 கிராம் சுண்ணாம்பைத்தான் சுமக்க முடியும். ஜிப்சம் என்றால் லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல், கல்லுப்பு என்றால் 360 கிராம். சாக்கடலைச் சுற்றி 1980களிலிருந்து ஆயிரக்கணக்கான குழிகள் விழுந்ததற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். கடல்மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்க, உப்புநீர் நின்ற இடத்தில் நன்னீர் புகுந்து, அடியிலிருந்த உப்புப் படுகையைக் கரைத்தது.

சுண்ணாம்பில் கணக்கு வேறு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்குகிறது என்று கொள்வோம். அது 300 லிட்டர். லிட்டருக்குக் கால் கிராம் என்றால் 75 கிராம் பாறை கரையும். கன அளவில் முப்பது கன சென்டிமீட்டருக்கும் குறைவு. பரப்பில் பரவலாக நடந்தால் ஆயிரம் ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர். விரிசல்களில் நீர் குவியும்போது அந்த இடத்தில் வேகம் கூடும், ஆனாலும் ஒரு குகை உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். எனவே உலகில் எங்கு பாறைக் குழி திடீரென்று விழுந்தாலும், பாறை அன்றைக்குக் கரைந்தது என்று பொருளல்ல. எப்போதோ உண்டான குகைக்குள் மேல்மண் இறங்கத் தொடங்கியது என்றுதான் பொருள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வின்டர் பார்க்கில் 1981 மே 8 அன்று சுமார் நூறு மீட்டர் அகலத்துக்கு விழுந்த குழி இந்த ரகம். ஒரு வீடு, கார்கள், நீச்சல் குளத்தின் ஒரு பகுதி எல்லாம் உள்ளே போயின. இன்று அது ஓர் ஏரி.

மேல்மண் இறங்கும் விதத்தைப் பொறுத்துத்தான் பள்ளத்தின் வடிவம் அமைகிறது. மேலே இருப்பது பசையற்ற மணல் என்றால் எலி கடித்த அரிசி மூட்டை போலத்தான்: அடியில் ஓட்டை வழியே ஒழுக, மேலே மெதுவாக ஒரு கிண்ணம் விழும். வருடக்கணக்கில் ஆழமாகும், யாரையும் விழுங்காது. களிமண் கலந்த மண் என்றால் அடியில் வளைவுக் கூரை போல நிற்கும். உள்ளே வெற்றிடம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வரும். தரையில் எந்த அறிகுறியும் இருக்காது. கூரை தாங்க முடியாத அளவுக்கு மெலிந்ததும் ஒரே அடியாக விழும். ஆபத்தானது இந்த இரண்டாவது வகை. தார்ச்சாலை, கான்கிரீட் தளம் போட்ட முற்றம் எல்லாம் செயற்கையாக இதே கூரை வேலையைச் செய்பவை. ஈர மணல்கூட ஓரளவு ஒட்டி நிற்கும். நன்றாக நனைந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். மழை விட்ட மறுநாள் பள்ளம் விழுவதன் காரணம் இதுதான். மழை குழியைத் தோண்டுவதில்லை, கூரையை இறக்குகிறது.

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. விழும் மண் முன்பிருந்ததைவிட அதிக இடம் பிடிக்கும். இறுகிய களிமண் உடைந்து விழுந்தால் கால் பங்கு வரை பெருகலாம். அப்படியென்றால் ஒரு மீட்டர் உயர வெற்றிடம், மேலே நான்கு மீட்டர் மண்ணை உடைத்துக்கொண்டு ஏறுவதற்குள் தன் இடிபாட்டாலேயே அடைபட்டு நின்றுவிட வேண்டும். நிற்காமல் தரைவரை வந்தால், அடியில் விழுந்த மண்ணை ஏதோ ஒன்று இடைவிடாமல் அள்ளிக்கொண்டு போகிறது என்று பொருள். அந்த 'ஏதோ ஒன்று' ஓடும் நீர். (தளர்ந்த மணல் இப்படிப் பெருகாது, அதற்கு இந்தக் கணக்கு செல்லாது.)

நிலத்தடி நீர் இறங்குவதும் கூரையை விழவைக்கும். வெற்றிடத்தில் நீர் நிறைந்திருக்கும்வரை அது கூரைக்கு முட்டுக் கொடுக்கிறது. நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டன் எடை மண்ணின் தோளுக்கு மாறும். கோடையில் போர்வெல்களால் நீரை இறக்கிவிட்டு, அதன் மேல் ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை கொட்டினால் இரண்டு காரணமும் சேர்ந்துவிடுகின்றன. 2015 இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் வயல்களில் குழிகள் விழுந்தது நினைவிருக்கலாம். அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை.

சரி, நம் மண். புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர், கரசூர், கடப்பேரிக்குப்பம் பக்கம் கடல் படிவுகள் உண்டு. சிப்பிச் சுண்ணாம்புக்கல் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மலைபோல் திரண்ட பாறை அல்ல. சுண்ணாம்பு கலந்த மணற்கல், வண்டல், களிமண் இவற்றுக்கு நடுவே பட்டை பட்டையாகக் கிடப்பது. பெருங்குகை உண்டாகத் திரண்ட, விரிசல் விட்ட, தூய்மையான சுண்ணாம்புக்கல் வேண்டும். பட்டைக்கு மேலும் கீழும் களிமண் இருந்தால் நீர் தாராளமாக ஓட வழியில்லை. லாஸ்பேட்டை, கோரிமேடு முதல் கடலூர் கேப்பர் மலை வரை மேலே தெரிவது கடலூர் மணற்கல், அது தேய்ந்து உண்டான செம்மண். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இந்தப் படிவைச் சேர்ந்தவைதான். பாகூர் பக்கமும் தென்பெண்ணை, கெடிலம் கரைகளிலும் ஆற்று வண்டல். மணற்கல்லும் வண்டலும் மழைநீரில் கரைவதில்லை. ஆகவே 'ஊரே உள்ளே போகும்' என்பதை நம்ப வேண்டாம்.

ஆனால் கரையாத மண்ணும் அரிக்கப்படும், அதுவும் பாறை கரைவதைவிடப் பல மடங்கு வேகமாக. ஓர் உடைந்த சாக்கடை இணைப்புக்குள் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் நிலத்தடி நீர் கசிகிறது, ஒவ்வொரு லிட்டரும் பத்து கிராம் நுண்மணலை இழுத்து வருகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 86 கிலோ. மூன்று வாரத்துக்குள் ஒரு கன மீட்டர் காலி. சுண்ணாம்புக்கு ஆயிரம் ஆண்டு என்றால் மணலுக்கு ஒரு மழைக்காலம் போதும். குவாத்தமாலா நகரில் 2007இலும் 2010இலும் விழுந்த, படத்தில் பார்த்தாலே வயிறு கலங்கும் அந்தக் கிணறுகளின் அடியில் சுண்ணாம்புப் பாறை காரணமில்லை. தளர்ந்த எரிமலைச் சாம்பல் படிவு, அதற்குள் ஒழுகிய கழிவுநீர், அவ்வளவுதான். சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரல் 9 அன்று மாநகரப் பேருந்தும் காரும் இறங்கிய பள்ளம் மெட்ரோ சுரங்கப் பணியின்போது விழுந்தது. அங்கே மண் போன வழி சுரங்கம்.

மணல் வெளியேற நம் பகுதியில் இருக்கும் வழிகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது சாக்கடைக் குழாயின் இணைப்பும் மேன்ஹோலின் சுவரும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழாய்க்கு மேலே ஏறிவிடும். அப்போது குழாய் வெளியே கசிவதில்லை, வெளியிலிருந்து உள்ளே உறிஞ்சுகிறது, மண்ணோடு. இரண்டாவது அழுத்தத்தில் ஓடும் குடிநீர்க் குழாய். இது உடைந்தால் நீர் மண்ணைக் கலக்கிப் பக்கத்துச் சாக்கடைக்குள் தள்ளும். இரண்டும் ஒரே பள்ளத்தில் அருகருகே பதிக்கப்பட்ட தெருக்களில்தான் பெரிய பள்ளங்கள் விழும். மூன்றாவது பழைய உறைக்கிணறும் செப்டிக் டேங்கும். வீடு இடித்துக் கட்டும்போது கிணற்றுக்குள் செங்கல் துண்டும் மரமும் கொட்டி மேலே ஒரு அடி மண் போட்டுவிடுவார்கள். மரம் மக்கியதும், துண்டுகளுக்கு இடையிலான வெளிக்குள் மண் இறங்கியதும், சரியாக வட்டமாக ஒரு பள்ளம் விழும். வட்டம் ஒன்றேகால் மீட்டர் விட்டத்தில் கச்சிதமாக இருந்தால் முதலில் கிணற்றைச் சந்தேகியுங்கள்.

நான்காவது செம்மண் ஓடைகள். கெட்டியான செம்புரை மேலே, அதன் கீழ் வெள்ளைக் களி கலந்த மிருதுவான அடுக்கு, பக்கத்தில் ஆழமான ஓடை. இந்த அமைப்பில் மழைநீர் மேலே ஓர் எலிவளையிலோ மக்கிய வேர்த் துளையிலோ இறங்கி, மிருதுவான அடுக்கில் குழாய்போல வழி அறுத்து, ஓடைக் கரையில் வெளிவரும். மேலே தோட்டத்தின் நடுவில் குழி. நூறடி தள்ளி ஓடைச் சரிவில் ஒரு பொந்து, அதன் வாயில் செம்மண் விசிறி. கேரளத்தில் செம்புரை மேடுகளில் இது பெரிய தொல்லை. ஆரோவில் பக்கத்து ஓடைகளின் தலைப்பகுதியில் குழி கண்டால் கீழே கரையில் இறங்கித் தேடுங்கள், வாய் கிடைக்கும். கருங்கல் அலைத்தடுப்புக்குப் பின்னால் விழும் பள்ளமும் கிட்டத்தட்ட இதேதான்: கற்களுக்கடியில் வடிகட்டித் துணி இல்லாவிட்டால் ஒவ்வொரு அலையும் திரும்பும்போது இடுக்கு வழியே கொஞ்சம் மணலைக் கூட்டிப் போகும்.

ஐந்தாவது, விவசாயிகள் அதிகம் கவனிக்க வேண்டியது, மணல் கக்கும் போர். கடலூர் மணற்கல்லில் போடும் போருக்குத் துளையிட்ட ஃபில்டர் பைப்பும், சுற்றிலும் சலித்த கூழாங்கல்லும் வேண்டும். பைப்பின் வெட்டு அகலமாக இருந்தாலோ, கூழாங்கல் ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தாலோ, தண்ணீரோடு மணலும் ஏறும். மணிக்குப் பத்தாயிரம் லிட்டர், நாளைக்கு ஐந்து மணி நேரம், லிட்டருக்கு நூறு மில்லிகிராம் மணல் என்றாலே நாளைக்கு ஐந்து கிலோ, ஆண்டுக்கு ஒரு கன மீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். சோதிக்க இருபது லிட்டர் வெள்ளை வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கால் டீஸ்பூன் மணல் நின்றால் அது இந்த நூறு மில்லிகிராம் அளவுதான். மோட்டார் போட்டதும் முதல் நிமிடம் மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரிய கவலையில்லை. தொடர்ந்து வந்தால் பைப்பைச் சுற்றித் தரை அமுங்கும், மோட்டார் கொட்டகைச் சுவர் முதலில் விரிசல் விடும். வால்வைக் குறைத்து ஓட்டுவது தற்காலிக மருந்து. தீர்வு, உள்ளே சிறிய வெட்டுள்ள ஃபில்டர் இறக்குவது அல்லது அந்தப் போரைக் கைவிட்டு முறையாக மூடுவது.

நெய்வேலியைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு மேலே வராது. அப்படி ஒரு பெரும் பரப்பில் நீரழுத்தம் குறைந்தால் களிமண் அடுக்குகள் இறுகி நிலம் பரவலாக, மெதுவாகத் தாழக்கூடும். அது குழியாக விழுவதல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி, பள்ளம் விழுந்தால் செய்ய வேண்டியது. வாய் சிறிது, வயிறு பெரிது என்பதை மறக்காதீர்கள். தரையில் தெரியும் ஓட்டையின் விளிம்பு பெரும்பாலும் அந்தரத்தில் நிற்கிறது. எட்டிப் பார்க்கப் போய்த்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஆழத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டுங்கள், வண்டிகளை அதற்கும் அப்பால் நிறுத்துங்கள். மின்கேபிள் தெரிந்தால் மின்துறைக்கு முதல் அழைப்பு. கடலூரில் மாநகராட்சி, புதுச்சேரியில் குடிநீரும் சாக்கடையும் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. சொல்லும்போது 'பள்ளம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்ளே தண்ணீர் ஓடுகிறதா, எந்தத் திசையில், நாற்றம் உண்டா, அருகில் மேன்ஹோல் எத்தனை அடி என்பதைச் சொன்னால் ஜல்லி லாரிக்குப் பதில் சரியான ஆள் வருவார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டியதில்லை. சாக்கடை ஓடும் திசையில் பள்ளத்துக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் உள்ள மேன்ஹோல் மூடிகளைத் துறை ஆட்கள் திறக்கும்போது பாருங்கள். மேல்புறத்தில் இல்லாத செம்மணல் கீழ்ப்புறத்தில் தேங்கியிருந்தால் வழக்கு முடிந்தது. மண் குழாய் வழியே போயிருக்கிறது. யாரும் உள்ளே இறங்கக் கூடாது, தலையை நீட்டவும் கூடாது, விஷவாயு அடையாளம் காட்டிவிட்டு வராது. வீட்டுக் குழாயில் சந்தேகம் என்றால் எல்லாத் திருகையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் கசிவு. வெற்றிடம் எதுவரை பரவியிருக்கிறது என்று அறிய, விளிம்புக்கு வெகு தள்ளி, பாதுகாப்பான பக்கத்திலிருந்து தொடங்கி, 12 மில்லிமீட்டர் கம்பியை ஒரே சீரான அழுத்தத்தில் குத்திக்கொண்டே வர வேண்டும். திடீரென்று கம்பி வழுக்கி இறங்கும் இடம் எல்லை. குத்துமுன் கேபிள், கேஸ் குழாய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தரை ஊடுருவும் ரேடார் கொண்டுவருகிறோம் என்பவர்களிடம் ஒரு வார்த்தை: களிமண்ணிலும் உவர்நீர் ஊறிய கடலோர மணலிலும் அந்த அலை ஆழம் போகாது. அங்கே மின்தடை அளவை ஆய்வு மேல்.

மூடும் முறை. முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள். அது இல்லாமல் கொட்டும் ஒவ்வொரு லோடும் சாக்கடைக்குத்தான் தீனி. பிறகு தார்ப்பரப்பை வெற்றிடத்தின் எல்லைக்கு அப்பால் அரை மீட்டராவது சேர்த்துச் சதுரமாக வெட்டி, கெட்டி மண் தெரியும்வரை தோண்டுங்கள். குழாயைச் சுற்றி மணல், அதன் மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கிராவல், ஒவ்வொரு அடுக்கும் அளவான ஈரத்தில் ரேம்மர் கொண்டு இறுக்கப்பட வேண்டும். ஒன்றரை மீட்டரையும் ஒரே தடவையில் ஜே.சி.பி.யால் தள்ளிவிட்டு மேலே உருளை ஓட்டினால், மேல் ஒரு அடி மட்டும் இறுகும். அடுத்த மழையில் அதே இடம் அமுங்கும். நெருக்கடியான தெருவில் சிமென்ட் குறைந்த, ஓடக்கூடிய கலவை ஊற்றுவது செலவானாலும் நல்லது, மூலைமுடுக்கெல்லாம் தானே நிரப்பும்.

ஓடை வழிக் குழியோ பாறை வாய்க் குழியோ என்றால் முறை வேறு. அங்கே நீர் தொடர்ந்து இறங்கத்தான் போகிறது. நிறுத்த வேண்டியது மண்ணை. தொண்டை, அதாவது அடியில் மண் இறங்கும் குறுகிய வாய், தெரியும்வரை தோண்டி, தொண்டை அகலத்தில் பாதி அளவுள்ள பெருங்கற்களை அதில் சிக்கவைத்து, மேலே 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதற்கு மேல் 20, பிறகு பருமணல், இடையில் ஜியோ டெக்ஸ்டைல், கடைசியாக மண். மேலே நன்றாக இறுக்கிய களிமண் மூடியும், மழைநீர் ஒதுங்கும்படி சிறு கரையும். மேலடுக்கின் மண் கீழடுக்கின் இடைவெளியில் புகக் கூடாது என்பதுதான் சூத்திரம். வடிகட்டி அடுக்கில் உள்ள சிறு துகள்களின் அளவு, அது காக்கும் மண்ணில் உள்ள பெரிய துகள்களின் அளவைப்போல் நான்கைந்து மடங்கைத் தாண்டக் கூடாது. வெறும் பெருஜல்லி கொட்டினால் மண் அதன் ஊடே ஒழுகும். வெறும் கான்கிரீட் ஊற்றினால் நீர் பக்கத்தில் வழி தேடிப் புதுக் குழி விழும்.

இப்போது மனையின் தாழ்வு. நீர் வெளியேற வழியில்லாமல் நாற்புறமும் அடைபட்ட தாழ்வுகள் எல்லாமே உள்வாங்கியவை அல்ல. மகாராஷ்டிரத்து லோனார் ஏரிப் பள்ளம் விண்கல் மோதி உண்டானது, 1.8 கிலோமீட்டர் அகலம். தென்மாவட்டத் தேரிகளில் மணல்மேடுகளுக்கு நடுவே காற்று அள்ளிய பள்ளங்கள் உண்டு. கடலூர்க் கரையோரம் நீளவாக்கில், கடலுக்கு இணையாக ஒரு தாழ்வு இருந்தால் அது இரண்டு பழைய மணல்மேட்டு வரிசைகளின் இடைவெளி. தென்பெண்ணை, கெடிலம் அருகே பிறை வடிவில் வளைந்த தாழ்வு என்றால் ஆறு விட்டுச்சென்ற பழைய தடம். நேர்விளிம்பு, செங்குத்துக் கரை, அடியில் உடைந்த செங்கல் இருந்தால் சூளைக்கோ சவுடுக்கோ வெட்டிய குழி. ஏரிகள் இந்தக் கணக்கில் சேராது. ஊசுட்டேரியோ பெருமாள் ஏரியோ ஒரு பக்கம் கரை கட்டி மறித்தவை, கலங்கல் வழியே நீர் வழியும்.

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். நீர் நாட்கணக்கில் தேங்கி மெல்ல வற்றினால் அடி களிமண், உள்வாங்கும் வாய் இல்லை; அங்கே பிரச்சினை வெள்ளமும் மிருதுவான அடிமண்ணும்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது நிரம்பியவை இந்தப் பழைய தடங்கள்தான், அக்கம்பக்கத்தாரிடம் அன்று தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். மாறாக ஒரே ஓரத்தில் சுழித்துக்கொண்டு சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால், அந்த ஓரத்தைக் கம்பியால் குத்திப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மண் அடித்துச் சமமாக்கிவிட்ட மனை என்றால் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கிப் பாருங்கள், கிராமப் புலப்படத்தில் குட்டை, வாய்க்கால், கிணறு குறித்திருக்கிறதா என்று சர்வேயரைக் கொண்டு ஒப்பிடுங்கள். கிணறு இருந்த இடம் தெரிந்தால் அதன் மேல் தூண் வரக் கூடாது. குப்பையை அள்ளி, மணலும் கிராவலும் அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பி, இருபுறமும் தூண் வைத்து மேலே பீம் கடத்திவிடச் சொல்லுங்கள்.